விலையைப் போடாதீர்கள், ஊரைப் போடுங்கள்

பழைய இசைத்தட்டுகளைத் தேடி எடுத்து முகநூலிலும் புலனத்திலும் (வாட்ஸ்அப்) படம் போடும் மலேசியத் தமிழ் நண்பர்களுக்கு,

வணக்கம்.

சுங்கை சிப்புட்டில் வானொலி, டிவி பழுது பார்க்கும் சின்னக் கடை என்னுடையது. டிவியை இப்போது யாரும் பழுது பார்ப்பதில்லை. கெட்டுப்போனால் வாசலில் வைத்துவிட்டுப் புதுசு வாங்கிவிடுகிறார்கள். கடை இன்னும் திறந்திருக்கிறது என்றால் அது உங்களால்தான். ஊசி மாற்ற, பெல்ட் போட, சுற்று வேகம் சரிபார்க்க என்று ஈப்போ, கோலகங்சார், தைப்பிங்கிலிருந்தெல்லாம் தட்டுப்பெட்டியை (ரெக்கார்டு பிளேயரை) தூக்கிக்கொண்டு வருகிறீர்கள். ஆகவே உங்களைத் திட்டி என் பிழைப்பில் நானே மண்ணைப் போட்டுக்கொள்ள வரவில்லை. நானும் உங்களில் ஒருவன். வீட்டில் எண்ணூறு தட்டு இருக்கிறது. ஆயிரம் என்று மனைவி சொல்வார். அவர் எண்ணியதில்லை, துடைத்திருக்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் உங்களில் ஒருவர் ஒரு படம் போட்டார். பேர் வேண்டாம், அவருக்குத் தெரியும். பிஸ்கட் பெட்டி அளவில் ஓர் அட்டைப் பெட்டி, அது நிறைய 45 சுற்று ஈபி தட்டுகள், நிமிடத்துக்கு 45 சுற்று ஓடும் சின்னத் தட்டுகள். மேலே, பசார் காராட் என்ற பழைய சாமான் சந்தையில் வாங்கியதாக எழுதியிருந்தது: "பசார் காராட்டில் ஒரு பெட்டி 20 வெள்ளி! வித்த ஆயாவுக்கு ஒன்னுமே தெரியல." கீழே வரிசையாகக் கைதட்டல். கொடுத்து வைத்தவர், எனக்கு ஏன் கிடைக்கவில்லை, இரண்டு பிரதி இருந்தால் எனக்கொன்று. இடையில் ஒருவர், தட்டின் நடுவில் ஒட்டிய காகிதத்தில் சிவப்பாகப் புள்ளி புள்ளியாக இருக்கிறதே, அது என்ன என்று கேட்டிருந்தார். பதில் இப்படி வந்தது: "எவனோ கிறுக்கி வச்சிருக்கான். நகப்பூச்சு மாதிரி இருக்கு. அசிட்டோன் தொட்டுத் துடைச்சா போயிடும்."

அந்த எவனோ என் அப்பா.

நகப்பூச்சு என்று கண்டுபிடித்தது சரிதான். என் அத்தையின் நகப்பூச்சு. அப்பா ரப்பர் தோட்டத்தில் காலையில் பால்மரம் வெட்டினார், அதாவது மரத்தைச் சீவிப் பால் எடுத்தார். மாலையில் ரேடியோ செட் போட்டார். தோட்டத்துக் கல்யாணம், சடங்கு, மாரியம்மன் திருவிழா, இளைஞர் மன்றத்து ஆண்டுவிழா எல்லாவற்றுக்கும் அவர் செட்தான். ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயர், ஒரு தட்டுப்பெட்டி, இரண்டு குழாய் ஸ்பீக்கர், ஒரு லாரி பேட்டரி. எங்கள் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) எஞ்சின் கரண்ட் மாலை ஆறரைக்கு வந்து பத்து மணிக்குப் போய்விடும். கல்யாண வீட்டில் பத்து மணிக்குத்தான் ஆட்டமே ஆரம்பிக்கும். அதனால்தான் பேட்டரி.

இப்போது அந்த இடத்தை நினைத்துப் பாருங்கள். வெளிச்சம் மண்ணெண்ணெய் விளக்கு. தட்டின் நடுவில் அச்சடித்திருப்பது பெரும்பாலும் ஆங்கிலம், அதுவும் எறும்பு வரிசை போலச் சின்ன எழுத்தில். அப்பா தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர், ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ஒரு பாட்டு முடிந்து அடுத்ததைப் போட அவருக்கு அரை நிமிடம்தான் இருக்கும். தாமதித்தால் கூட்டம் விசிலடிக்கும். அதனால் அவர் தனக்கென்று ஒரு பாஷை வைத்திருந்தார். ஒரு சிவப்புப் புள்ளி, கல்யாணப் பாட்டு. இரண்டு புள்ளி, சாமி பாட்டு. ஈபி தட்டில் ஒரு பக்கத்துக்கு இரண்டு பாட்டு இருக்கும் அல்லவா, புள்ளி ஓட்டைக்கு மேலே இருந்தால் முதல் பாட்டு, கீழே இருந்தால் இரண்டாவது. கறுப்பு மை என்றால் சோகப் பாட்டு, கல்யாண வீட்டில் தப்பித் தவறியும் ஊசி வைக்கக் கூடாது. ஒரு தடவை அவர் உதவியாளர் அப்படி ஒரு பாட்டை மாலை மாற்றும் நேரத்தில் வைத்துவிட்டு, பெண் வீட்டாரிடம் அடி வாங்காத குறை. அதற்குப் பிறகுதான் கறுப்பு மை வந்தது. பெருக்கல் குறி போட்டிருந்தால் ஊசி தாவும் இடம் ஒன்று உண்டு, பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே தெரிந்த தட்டுகளில் ஏழில் புள்ளி இருந்தது, ஒன்றில் பெருக்கல் குறி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன்.

தட்டுகளைத் திருப்பிக் கேட்டு இதை எழுதவில்லை. யாரும் திருடவில்லை, யாரும் ஏமாற்றவில்லை. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்பதும், ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நடுவதும் நான் பிறப்பதற்கு முன்பே தொடங்கிய கதை. எங்கள் ஊர்க்காரர், ம.இ.கா. கட்சித் தலைவராக இருந்த வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்து, தோட்டத் தொழிலாளிகளிடமே பணம் திரட்டித் தோட்டம் வாங்கியதும் அந்தத் துண்டாடலைப் பார்த்துத்தான். எங்கள் லயத்தின் முறை வந்தபோது நாங்கள் பட்டணத்து மலிவு விலை வீட்டுக்கு வந்தோம். தட்டுகள் வைத்த அட்டைப் பெட்டிகள் மாடிப்படிக்கு அடியில் போயின. அதற்குள் கேசட் வந்து அப்பாவின் செட்டுக்கும் வேலை போயிருந்தது. அவர் இறந்த அடுத்த வருஷம், "பேப்பர் லாமா, பேப்பர் லாமா" என்று ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டு வரும் வேனில் அம்மா பழைய நாளிதழ்களோடு அவற்றையும் ஏற்றிவிட்டார். நான் அப்போது கிள்ளானில் வேலையில் இருந்தேன். அம்மாவிடம் கோபித்துக்கொண்டதும் இல்லை. அந்தப் பெட்டிகளில் பாச்சை முட்டை வைத்திருந்தது, அவர் என்ன செய்வார்.

எனக்கு உறுத்துவது இரண்டே விஷயம்தான். ஒன்று, நீங்கள் போடும் விலை. இன்னொன்று, நீங்கள் துடைக்கும் துணி.

முதலில் விலை. இதைச் சொல்வதற்கு முன்னால் என் வண்டவாளத்தை நானே ஏற்றிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு பாட்டி என் கடைக்கு வந்தார். துணிப்பையில் முப்பத்தெட்டு தட்டு, எல்லாம் உறையோடு, பூஞ்சை இல்லாமல். வீட்டுக்காரர் வாங்கி வைத்தது, நீங்கள்தான் இதெல்லாம் பார்ப்பீர்களாமே என்றார். முப்பது வெள்ளி எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு இரண்டு முறை கும்பிட்டுவிட்டுப் போனார். அன்றைக்கு இரவே எல்லாவற்றையும் விசிறி மாதிரி விரித்துப் படம் எடுத்து, "38 தட்டு 30 வெள்ளி, ஒரு தட்டு ஒரு வெள்ளிகூட இல்லை!" என்று போட்டேன். இருநூறு பேருக்கு மேல் விருப்பம் போட்டார்கள். மறுநாள் கோலாலம்பூரிலிருந்து ஒரு பையன் அழைத்தான், பாட்டியின் பேரன். கோபமாகப் பேசியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசித் தப்பித்திருப்பேன். அவன் அமைதியாகத்தான் சொன்னான்: "அங்கிள், பாட்டி உங்களுக்குச் சும்மா குடுக்கத்தான் வந்தாங்க. நீங்க காசு குடுத்ததால, ரொம்ப நல்ல மனுஷன்னு நேத்துலேர்ந்து எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்காங்க. அதான் இந்தப் படத்த அவங்ககிட்ட காட்டல."

படத்தை எடுத்துவிட்டேன். ஆனால் இருநூறு பேர் பார்த்தாகிவிட்டதே. அந்தத் தட்டுகளில் ஒன்றைப் போடும்போதெல்லாம் அந்தப் பையனின் குரல்தான் முதலில் வருகிறது, பாட்டு அப்புறம்தான்.

குறைந்த விலைக்கு வாங்குவது தப்பில்லை. சந்தை என்றால் பேரம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் டார்ச் லைட்டோடு ஈப்போ பழைய சாமான் சந்தையில் குனிந்து தேடியவருக்கு அந்தச் சந்தோஷம் சேர வேண்டியதுதான். பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மாலுக்குப் போய்க் கேட்ட விலை கொடுத்து வாங்குகிறவருக்கும் அந்தச் சந்தோஷம் தெரியும், கொஞ்சம் விலை கூட, அவ்வளவுதான். ஆனால் விற்றவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று எழுதுகிறீர்களே, அந்த ஆயாவுக்குத் தெரியாதது இன்றைய விலை ஒன்றுதான். அந்தத் தட்டை எந்தக் கடையில் வாங்கினார்கள், அந்த மாதம் எத்தனை நாள் பேர் விழுந்தது (வேலை நாளாகப் பதிவானது), யார் கல்யாணத்துக்குப் போட்டார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். நீங்கள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நாற்காலி போட்டு உட்கார வைத்துச் சொல்லியிருப்பார். இருபது வெள்ளியை நீட்டிவிட்டு, அவர் மனம் மாறிவிடுமோ என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தீர்கள். நானும் அப்படித்தான் ஓடியிருக்கிறேன்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. வெளிநாட்டில் எங்கோ ஒருவர் டிஸ்காக்ஸ் என்ற இணையத் தட்டுச் சந்தையில் ஒரு தட்டை எக்கச்சக்க விலைக்கு விற்றதை எடுத்துப் போட்டு, "இது என்கிட்டயும் இருக்கு" என்று ஒருவர் காட்டுவார். அடுத்த வாரமே எங்கள் ஊர்ப் பழைய சாமான் கடையில் கீறல் விழுந்து, உறையில்லாமல் கிடக்கும் தட்டுக்கு எண்பது வெள்ளி கேட்கிறார்கள். கேட்டால் போனை நீட்டி உங்கள் படத்தைத்தான் காட்டுகிறார்கள்.

அப்படியானால் என்னதான் போடுவது என்று கேட்பீர்கள். ஊரைப் போடுங்கள்.

நான் சொல்வது வெறும் பாசத்துக்காக இல்லை. ஒரு தட்டு டம்டம்மில் அச்சானது என்று அதன் உறையைப் பார்த்தாலே தெரியும். கிராமபோன் கம்பெனியின் அந்தக் கல்கத்தா ஆலையிலிருந்துதான் நம் தட்டுகளில் பெரும்பகுதி வந்தது. பாடியவர், இசையமைத்தவர், படம் எல்லாம் அச்சிலேயே இருக்கிறது. சென்னையில் இருப்பவருக்கும் அது தெரியும், டொரன்டோவில் இருப்பவருக்கும் தெரியும். அந்தத் தட்டு கடல் தாண்டி வந்து மலாயாவில் எந்தக் கடையில் விற்றது, எந்தத் தோட்டத்தில் ஒலித்தது என்பது எந்த அச்சிலும் இல்லை. அது உறையின் பின்னால் மூலையில் ஒட்டிய சின்னக் கடைச் சீட்டில் இருக்கிறது. ஊதா மையில் குத்திய ரப்பர் முத்திரையில் இருக்கிறது. பேனாவால் எழுதிய பேரில் இருக்கிறது. நீங்கள் முதல் வேலையாகச் சுரண்டி எடுப்பது அதைத்தான்! ஹேர் டிரையர் வைத்துச் சூடுகாட்டி, பசையை இளக்கி, சீட்டைப் பிய்த்துவிட்டு, "இப்ப பாருங்க, புதுசு மாதிரி" என்று முன்னும் பின்னுமாக இரண்டு படம் போடுகிறீர்கள்.

அந்தச் சீட்டில் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை உட்கார்ந்து பாருங்கள். என்னிடம் இருக்கும் ஒன்றில் ஊர்ப்பேர் தெலுக் ஆன்சன் என்று இருக்கிறது. அந்த ஊர் 1982இல் தெலுக் இந்தான் ஆயிற்று. இன்னொன்றில் போர்ட் சுவெட்டன்ஹாம். அது 1972இல் போர்ட் கிள்ளான் ஆகிவிட்டது. ஆக, அந்தச் சீட்டுகள் அடித்த காலம் அதற்கு முந்தியது என்று தெரிந்துவிடுகிறது. தொலைபேசி எண்ணில் எத்தனை இலக்கம் என்று எண்ணினால் இன்னும் கொஞ்சம் நெருங்கலாம். உறையில் ஆண்டு அச்சிடாத தட்டு எத்தனை இருக்கிறது, அதற்கெல்லாம் இந்தக் கிழிந்த சீட்டுதான் பிறப்புப் பத்திரம். பல கடைகள் இன்றைக்கு இல்லை. கட்டடமே இல்லாத கடைகளும் உண்டு. அங்கே தமிழ்த் தட்டு விற்றது என்பதற்கு எனக்குத் தெரிந்து மிஞ்சியிருக்கும் ஒரே சான்று உங்கள் குப்பைக்கூடையில் சுருண்டு கிடக்கிறது.

எங்கள் ஊரைப் பற்றி வரலாற்றுப் புத்தகத்தில் ஒரு வரி வரும். 1948 ஜூன் 16, சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், மலாயாவில் அவசரகாலம் வந்தது. அதே ஜூன் மாதத்தில்தான் அமெரிக்காவில் கொலம்பியா கம்பெனி 33⅓ சுற்று எல்பி தட்டை, அதாவது நீண்ட நேரம் ஓடும் பெரிய தட்டை வெளியிட்டது. இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தட்டு துடைக்கும்போது எனக்கு இப்படி ஏதாவது தோன்றும். ஆனால் அந்த ஒரு வரிக்குப் பிறகு இங்கே தோட்டத்து ஜனங்கள் என்ன கேட்டார்கள், எதற்கு அழுதார்கள், எதற்கு ஆடினார்கள் என்று எழுதி வைத்தவர் குறைவு. புள்ளி வைத்தவர்தான் உண்டு.

சரி, துணிக்கு வருகிறேன். இது என் தொழில், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அசிட்டோன் தொட்டுத் துடைக்கச் சொன்ன நண்பரே, வினைல் தட்டு பிவிசி பிளாஸ்டிக். அசிட்டோன் பட்டால் அது ஊறி, வெளிறி, சொதசொதத்துவிடும். நடுக் காகிதத்தில் வைத்த பஞ்சிலிருந்து ஒரு சொட்டு வழிந்து பள்ளத்தில் இறங்கினால், புள்ளியும் போகும், பாட்டும் போகும். 78 சுற்றுத் தட்டு என்றால் அதன் சாதியே வேறு, அது அரக்கும் கல்தூளும் கலந்து செய்தது. அதை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கச் சொல்லி இன்னொருவர் வீடியோவே போட்டிருக்கிறார். பழைய தச்சர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். மேசை நாற்காலிக்குப் பாலிஷ் போட அவர் அரக்கைக் கரைப்பதே ஸ்பிரிட்டில்தான். அந்த வீடியோவைப் பார்த்து ஒருவர் தன் தாத்தாவின் தட்டைத் துடைத்துவிட்டு, கறுப்பாக வழித்து எடுத்த துணியோடு என் கடைக்கு வந்தார். எவ்வளவு அழுக்கு பாருங்கள் என்று பெருமையாகக் காட்டினார். அது அழுக்கில்லை, தட்டு. நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்தான், முகத்தைப் பார்த்தபோது வாய் வரவில்லை.

காய்ச்சி வடித்த தண்ணீர், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு, மெல்லிய துணி, பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடைப்பது. நடுக் காகிதத்தில் தண்ணீர் படக் கூடாது. நம் ஊர் ஈரத்துக்கு வாரம் இரண்டு வாரம் அடைத்து வைத்தாலே பூஞ்சை வெள்ளையாகப் படரும். காற்றாட, நிமிர்த்தி வையுங்கள். படுக்க வைத்து அடுக்கினால் கீழே இருப்பது வளையும். பூஞ்சையைத் துடைத்தால் போய்விடும், புள்ளியைத் துடைத்தால் திரும்பி வராது.

படம் எடுக்கும் விதத்திலும் ஒரு வார்த்தை. சாமி பாட்டுத் தட்டுகளைத் தரையில் பரப்பி, நடுவில் நின்று, கால் கட்டைவிரல் தெரிய மேலிருந்து எடுக்கிறீர்கள். சீர்காழி கோவிந்தராஜன் முருகனைப் பாடிய உறைமேல் உங்கள் ஜப்பான் சிலிப்பர். நான் பக்திமான் இல்லை, ஆனாலும் அந்தப் படத்தை என் அம்மாவிடம் காட்ட முடியாது. ஒரு துண்டு விரித்து மேலே வையுங்கள், போதும். தட்டைப் பிடிக்கும்போது ஓரத்தைப் பிடியுங்கள். தோசையைப் பிடிப்பது மாதிரி நடுவில் பிடித்துச் சிரித்துக்கொண்டு நிற்கும் படம் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. உறையை மட்டும் காட்டாமல் தட்டையும் காட்டுங்கள், அதுவும் விளக்குக்குச் சாய்த்துப் பிடித்து, கீறல் தெரிகிற மாதிரி. பாட்டு முடிந்து காகிதத்துக்கு முன்னால் வரும் வெற்று வளையத்தில் கீறியிருக்கும் எண்ணையும் ஒரு படம் எடுங்கள். ஒரே பாட்டு எத்தனை தடவை, எந்த அச்சில் வந்தது என்று தேடுகிறவர்களுக்கு அந்த எண்தான் வேண்டும். உங்கள் முகம் இரண்டாம் பட்சம், மன்னிக்கவும்.

தரம் சொல்வது பற்றிச் சுருக்கமாக. அமெரிக்காவில் கோல்ட்மைன் என்று ஓர் இதழ் வைத்த வரிசையைத்தான் எல்லாரும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். மின்ட், நியர் மின்ட், விஜி (வெரி குட்) பிளஸ், விஜி, அப்புறம் குட். இந்த வரிசையில் குட் என்றால் நல்லது என்று அர்த்தமில்லை, கரகரவென்று இரைந்தாலும் பாட்டு ஒருவழியாக ஓடி முடியும் என்று அர்த்தம். இது தெரியாமல் "குட் கண்டிஷன்" என்று போட்டு விற்றவரும் உண்டு, தெரிந்தே போட்டு விற்றவரும் உண்டு. ஐம்பது வருஷம் தோட்டத்தில் கிடந்த தட்டை நியர் மின்ட் என்கிறீர்கள். காகிதத்தின் ஓட்டையைச் சுற்றி மயிரிழையாகக் கோடு கோடாக இருக்கும், பாருங்கள். இருட்டில் கம்பியில் தட்டை மாட்டத் தடவியதன் தடம் அது. எத்தனை கோடு இருக்கிறதோ அத்தனை தடவை அந்தப் பாட்டை யாரோ ஆசைப்பட்டுக் கேட்டிருக்கிறார்கள். அதை ஏன் மறைக்க வேண்டும்?

அப்புறம், புதிதாக வருகிற பிள்ளைகள். ஒரு பெண் முதல் முதலாக ஒரு எல்பி வாங்கி, பெட்டி மாதிரி மூடித் தூக்கிப்போகும் மலிவுத் தட்டுப்பெட்டியில் சுழலவிட்டு வீடியோ போட்டது. ஒருவர்கூடப் பாட்டைப் பற்றிப் பேசவில்லை. "அது தட்டைக் கொல்லும் மெஷின்", "முதல்ல நல்ல செட் வாங்கிட்டு வாம்மா". உண்மைதான், நல்ல பெட்டியில் ஊசி ஒன்றரை, இரண்டு கிராம் எடையில் உட்காரும், அந்த மலிவுப் பெட்டிகள் பலவற்றில் ஐந்து, ஆறு கிராம்கூட அழுத்தும். ஆனால் நீங்கள் இன்று அரிய பொக்கிஷம் என்று காட்டும் தட்டையெல்லாம் என் அப்பா அதைவிடக் கனமான ஊசியில், லாரி பேட்டரியில், மழையில் தார்ப்பாய்க்கு அடியில்தான் ஓட்டினார். தாவும் தட்டாக இருந்தால் ஊசிக் கையின்மேல் ஐந்து காசு நாணயம் வேறு வைப்பார். அந்தப் பெண் அதற்குப் பிறகு எதுவும் போடவில்லை. நான் பார்த்தவரை இல்லை. உங்களில் யாருக்காவது அந்தப் பெண்ணைத் தெரியுமானால் பெட்டியைக் கடைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள், ஊசிப் பக்கத்தைக் கொஞ்சம் சரிசெய்து தருகிறேன், காசு வேண்டாம்.

ஒருவர் தன் தட்டைக் காட்டினால் உடனே போய் "என்கிட்ட ரெண்டு இருக்கு" என்று எழுதுகிறவர்களுக்குச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அவர்கள் கல்யாண வீட்டிலும் அப்படித்தான் இருப்பார்கள்.

ஊரைப் போடுங்கள் என்றேன். அதற்காக எல்லாரையும் அம்பலத்தில் ஏற்றச் சொல்லவில்லை. தட்டில் எழுதியிருக்கும் பேர் பல சமயம் உயிரோடு இருப்பவரின் பேர். கல்யாணப் பரிசாகக் கொடுத்த எல்பியின் உறையில் அன்புடன் இன்னாருக்கு இன்னார் என்று எழுதியிருக்கும், அந்தக் கல்யாணம் நிலைத்ததா என்று நமக்குத் தெரியாது. அதைப் போட்டு "பாவம், பரிசு பசார் காராட்டுக்கு வந்திடுச்சு" என்று சிரிக்க வேண்டாம். பேரின்மேல் விரலை வைத்து மறைத்துப் படம் எடுங்கள், தட்டிலிருந்து மட்டும் அழிக்காதீர்கள். தோட்டத்தின் பேர், கடையின் பேர், மன்றத்தின் முத்திரை, இவற்றைத் தாராளமாகக் காட்டலாம். தோட்டத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு பேர், நம் ஜனங்கள் வைத்த பேர் ஒன்று என்று இரண்டு இருக்கும். தமிழில் எழுதியிருந்தால் அதை அப்படியே எழுத்துக்கு எழுத்து எடுத்துப் போடுங்கள், எந்த வரைபடத்திலும் அந்தப் பேர் கிடைக்காது. வீட்டுக்குப் போய் வாங்கினால் அவர்கள் வீட்டு அலமாரியையும் சாமி படத்தையும் சேர்த்துப் படம் எடுக்காதீர்கள், எடுத்தால் கேட்டுவிட்டுப் போடுங்கள். விற்றவர் ஏதாவது சொன்னால் அதை எழுதுங்கள். இரண்டு வரி போதும். இன்ன தோட்டம், இன்ன வருஷத்துத் திருவிழாவுக்கு வாங்கியது என்று. அதைப் பார்த்து எங்காவது ஒருவர், நானும் அந்தத் தோட்டம்தான், அந்தத் திருவிழாவில் நானும் இருந்தேன் என்று எழுதுவார். நான் பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு முறைதான், ஆனால் அன்றைக்குப் பத்து பேர் வரிசையாக வந்து, தீமிதிக்கு யார் முதலில் இறங்கினார், எந்தத் தண்டல் (தோட்டத்து மேற்பார்வையாளர்) சாமி வந்து ஆடினார் என்றெல்லாம் விடிய விடியப் பேசினார்கள். யாரும் விலை கேட்கவில்லை.

அந்தப் பெட்டியை வாங்கிய நண்பருக்குக் கடைசியாக ஒரு விண்ணப்பம். தட்டுகள் உங்களுடையவை, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், நன்றாகப் பார்த்துக்கொள்வீர்கள் என்று தெரிகிறது, மற்றப் படங்களில் உங்கள் அலமாரியைப் பார்த்தேன். அசிட்டோனை இன்னும் எடுக்கவில்லை என்றால் எடுக்காதீர்கள். எடுத்துவிட்டீர்கள் என்றால் போகட்டும். உங்கள் படத்தில் இடது கைப்பக்கம் முன்னால் சாய்ந்திருக்கும் தட்டில் ஒரு பெருக்கல் குறி இருக்கிறது, ஓட்டைக்குக் கீழே. அதாவது இரண்டாவது பாட்டு. அது எந்தத் தட்டு என்று உறையில்லாமல் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அப்பா ஐந்து காசை எடுத்து வைக்கும்போது என்னைப் பார்த்துக் கண்ணடிப்பது நினைவிருக்கிறது. அந்தப் பக்கத்தைப் போட்டு, தாவுகிற இடம் வரைக்கும் போனில் பதிவு செய்து அனுப்ப முடியுமா? நாணயம் வைக்க வேண்டாம். தாவட்டும்.

இப்படிக்கு,
சுங்கை சிப்புட்டிலிருந்து
ரேடியோ செட்காரர் மகன்